வடக்கு தெரியாத ஆய்வுக்கூடம்

என் கணவருக்குத் திசை தெரியாது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு. கல்யாணம் முடித்து, நான் ஸ்பொன்சர் செய்து, அவர் திருகோணமலையிலிருந்து மொன்ட்ரியாலுக்கு வந்த புதிதில் ஒருநாள் காலை ஜான்-டலோன் சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனார். கத்தரிக்காய் நல்லதாகத்தான் வாங்கினார். வீட்டுக்கு வரும் வழியைத்தான் தவறவிட்டார். யாரோ ஒரு கடைக்காரரின் போனிலிருந்து எனக்கு அடித்து, தான் நிற்கும் தெருவின் பெயரைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. திரும்பி வரும்போது கிழக்குப் பக்கம் நடந்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். மனிதர் சூரியனைப் பார்த்து நடந்திருக்கிறார்.

அன்றிலிருந்து, கர்க்லாண்டில் இருக்கும் என் அண்ணை வீட்டில் நாங்கள் கூடும்போதெல்லாம் சாப்பாடு முடிந்ததும் இந்தக் கதை வரும். மச்சானுக்கு வழி சொல்வதென்றால் இடது வலது மட்டும் சொல்லவேண்டும், திசை சொல்லக்கூடாது என்று அண்ணை தன் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பார். பிள்ளைகள் அதைப் பிரெஞ்சில் திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்கள். கணவர் கோபப்படமாட்டார். இந்த ஊரில் சூரியனுக்குத்தான் வழி தெரியவில்லை என்று சொல்லிவிட்டு மிச்ச ரசத்தைக் குடிப்பார்.

இதில் எல்லோருக்கும் கூடுதல் சுவை என்னவென்றால், என் வேலையே திசைதான். கப்பல், விமானம், சுரங்கத்துக்குள் போகும் வண்டி போன்றவற்றுக்கு ஜிபிஎஸ் எட்டாத இடத்திலும் தாங்கள் எந்தப் பக்கம் திரும்பினோம் என்று தெரிய வேண்டும். அதைச் சொல்லும் கருவிக்கு ஜைரோ என்று பெயர். பழைய ஜைரோக்கள் பெரியவை, பாரமானவை, விலையோ சொல்லி வேலையில்லை. அதையே விரல்நகம் அளவு சிப்பில் செய்ய முடியுமா என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வுக்கூடத்தின் வேலை. சிப்புக்குள் மின்சாரம் ஓடும் கம்பிகளுக்குப் பதிலாக ஒளி ஓடும் வாய்க்கால்கள் இருக்கும். முடியை விட எத்தனையோ மடங்கு மெல்லிய வாய்க்கால், முறுக்குப் போலச் சுற்றிச் சுற்றிக் கிடக்கும். ஒரே ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை வலமாகவும் மற்றதை இடமாகவும் ஓடவிடுவோம். சிப் அசையாமல் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேரும். சிப் திரும்பினால் ஒன்று கொஞ்சம் முந்தும், மற்றது கொஞ்சம் பிந்தும். அந்தக் கொஞ்சத்தை அளந்துவிட்டால் எவ்வளவு திரும்பியது என்று சொல்லிவிடலாம்.

எழுதும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. அந்த முறுக்கை வரைவதற்கு என் இளமையில் நல்ல பங்கு போய்விட்டது. வளைவு இறுகினால் ஒளி வெளியே ஒழுகும், தளர்ந்தால் சிப் பெரிதாகும். வரைந்து அனுப்பினால் சிப் செய்து வர மாதக்கணக்காகும். வந்ததும் அதில் பாதி வேலை செய்யாது. எங்கள் துறையில் இருப்பவர்களுக்குப் பொறுமை அதிகம் என்று சொல்வார்கள். பொறுமை எல்லாம் இல்லை, காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

இப்படிக் காத்திருந்து வந்த சிப்களில் ஒன்று போன வருடக் கடைசியில் உண்மையிலேயே நன்றாக வேலை செய்தது. மேசையில் வைத்துச் சுழற்றினால் சுழற்றிய கணக்கைப் பிசகாமல் சொன்னது. அதன் பிறகுதான் பெரிய பரீட்சை. மேசையை நிறுத்திவிட வேண்டும். எதுவும் அசையக்கூடாது. அப்போதும் பூமி சுழன்றுகொண்டுதானே இருக்கிறது? நல்ல ஜைரோ என்றால் அந்தச் சுழற்சியை உணர வேண்டும். சிப்பை நிமிர்த்தி, அதன் முகம் வடக்கே பார்க்கும்படி வைத்தால் பூமியின் சுழற்சி அதற்கு நன்றாகத் தெரியும். கிழக்கே பார்க்க வைத்தால் ஒன்றுமே தெரியாது. இடையில் எங்காவது வைத்தால் அதற்கேற்ற அளவு குறையும். நாங்கள் சிப்பை வடக்கே பார்க்க ஒருமுறையும் தெற்கே பார்க்க ஒருமுறையும் வைத்து, இரண்டையும் கழித்துப் பார்ப்போம். அதற்கென்றே தரையில் பதித்த கல்மேசையில் ஒரு தாங்கி பூட்டியிருந்தது. அதை வடக்கிலிருந்து தெற்குக்குத் திருப்பிப் போடலாம், அவ்வளவுதான்.

எங்கள் சிப் பூமியை உணர்ந்தது. ஆனால் பாதிதான் உணர்ந்தது. பாதிக்குக் கொஞ்சம் மேலே. மிச்சத்தைக் காணவில்லை.

காணாமற்போன அந்த மிச்சத்தைத் தேடி நாங்கள் மூவர் மார்கழி மாதம் முழுவதையும் தொலைத்தோம். ஒருவர் எங்கள் ஆய்வுக்கூடத் தலைவி. பேச்சில் கண்டிப்பு, காப்பியில் மட்டும் சீனி அளவில்லாமல் போடுவார். மற்றவர் டெக்னீசியன், பெரிய தாடிக்காரர். எந்த இயந்திரத்தையும் தட்டிக்கொடுத்துத்தான் தொடங்குவார். மூன்றாவது ஆள் நான். கணக்கில் எங்காவது இரண்டால் பெருக்க மறந்துவிட்டோமா என்று பார்த்தோம். லேசரை மாற்றினோம். கணினியில் எழுதியதையெல்லாம் திரும்ப எழுதினோம். ஒன்றும் அகப்படவில்லை.

கடைசியில் சந்தேகம் என் தலையில் வந்து விழுந்தது. இந்த வகை ஜைரோக்களுக்கு ஒரு வியாதி உண்டு. வாய்க்காலின் சுவர் சொரசொரப்பாக இருந்தால் ஒளியில் கொஞ்சம் மோதித் திரும்பி வரும். வலமாக ஓடுவதும் இடமாக ஓடுவதும் அதில் கலந்துவிடும். அப்போது வேகமான திருப்பத்தைச் சிப் சரியாகச் சொல்லும், மெதுவான திருப்பத்தை விழுங்கிவிடும். பூமியின் சுழற்சியை விட மெதுவானது எங்கள் மேசையில் வேறு எதுவும் இல்லை. எல்லாம் பொருந்தியது. வாய்க்காலை வரைந்தவள் நான். இறுகிய வளைவுகள் வேண்டும் என்று அடம்பிடித்தவளும் நான்தான்.

எங்கள் நிறுவனத்துக்கு நெதர்லாந்தில் இன்னொரு ஆய்வுக்கூடம் இருந்தது. அவர்களும் வேறொரு வகையில் இதையே செய்துகொண்டிருந்தார்கள். தை மாதக் கடைசியில் மேலிடத்து ஆட்கள் வந்து பார்ப்பார்கள், இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மூடுவார்கள் என்று தலைவி எங்களிடம் ஒளிக்காமல் சொன்னார். எங்களுடையது மூடப்பட்டால், சிப் வரையத் தெரிந்த என்னை நெதர்லாந்துக்கு வரச் சொல்லுவார்கள். இந்த வேலைக்கு மொன்ட்ரியாலில் வேறு இடம் கிடையாது. போனால் வேலை இருக்கும். போகாவிட்டால் இத்தனை வருடப் படிப்பும் பெட்டியில் கிடக்க வேண்டியதுதான்.

நான் போகலாம். என் கணவர்? அவர் திருகோணமலையில் மருந்தாளராக இருந்தவர். இங்கே வந்து பழைய படிப்புச் செல்லாது என்றதும் கிடங்கில் பெட்டி தூக்கினார். பெட்டி தூக்கிக்கொண்டே பிரெஞ்சு படித்தார். திரும்பப் பல்கலைக்கழகம் போய், தன்னை விடச் சின்னப் பிள்ளைகளோடு இருந்து பரீட்சை எழுதி, போன வசந்தத்தில்தான் வெள்ளைக் கோட்டைத் திரும்பப் போட்டார். பார்க்-எக்ஸ்டென்ஷனில் ஒரு மருந்துக்கடையில் வேலை. யாழ்ப்பாணத்து ஆட்களும் மட்டக்களப்பு ஆட்களும் குளிசைகளை ஒரு பையில் கொட்டிக்கொண்டு அவரைத் தேடி வருவார்கள். எது காலையில், எது சாப்பாட்டுக்குப் பின் என்று தமிழில் சொல்ல ஓர் ஆள் கிடைத்த நிம்மதி அவர்கள் முகத்தில் தெரியும். அவர் முகத்திலும் தெரியும். நெதர்லாந்துக்குப் போனால் அந்தக் கோட்டைக் கழற்றிவிட்டு இன்னொரு மொழி, இன்னொரு கிடங்கு.

எனவே அவரிடம் நான் கேட்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் நடப்பதைச் சொன்னேன், நெதர்லாந்தையும் ஒரு செய்தி போலச் சொன்னேன். வருவீர்களா என்று மட்டும் கேட்கவில்லை. அவர் அதைப் பகிடியாக்கிவிட்டார். நெதர்லாந்துக்காரரான ஒல்லாந்தர் ஒரு காலத்தில் திருகோணமலைக் கோட்டையில் வந்து இருந்தார்களாம், இனி நாங்கள் போய் அவர்கள் ஊரில் இருந்தால் கணக்குச் சரியாம். நானும் சிரித்தேன்.

பொங்கல் வந்தது. வழக்கமாக அண்ணை வீட்டில்தான் பொங்குவோம். குசினியில் அடுப்பு, திரைச்சீலை மூடியபடி, வெளியே வெயிலா பனியா என்று கூட யாரும் பார்ப்பதில்லை. இந்த முறை எங்கள் வீட்டில் பொங்க வேண்டும் என்று கணவர் சொன்னார். வாடகை ஒப்பந்தங்கள் முடிந்து மொன்ட்ரியால் ஊரே வீடு மாறும் யூலைத் தொடக்கத்தில்தான் நாங்களும் சந்தைக்குப் பக்கத்தில் இந்த மாடிவீட்டுக்கு வந்திருந்தோம். "இந்த வீட்டிலை ஒருக்காவாவது பொங்கிப்போட்டுப் போவம்" என்றார். போவம் என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது. நான் அதைக் காதில் விழாதது போல அரிசியைக் கழுவினேன்.

மின்சார அடுப்பில் பால் பொங்கி வழிந்து, கண்ணாடியில் கருகி, புகை அலாரம் அலறாமல் இருக்க ஜன்னலைத் திறந்து, எல்லாம் முறைப்படி நடந்தது. பானையைச் சூரியனுக்குக் காட்ட வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். வேட்டிக்கு மேல் குளிர்க்கோட்டு, காலில் பனிச் சப்பாத்து, கையில் பானை. அந்தக் கோலத்தில் அவரைப் பார்க்க எனக்குக் கொள்ளை ஆசையாக இருந்தது. முன்பக்கத்து மாடத்துக்கு வாருங்கள், அதுதான் கிழக்கு என்று நான் கூட்டிப்போனேன். குடிவந்த நாட்களில் காலைச் சூரியன் எதிர்வீட்டுக் கூரைக்கு மேலே வந்ததை இருவரும் பார்த்திருந்தோம். அதோடு எங்கள் தெரு வடக்குத் தெற்காகப் போகிறது, வீடு கிழக்கே பார்க்கிறது. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

நின்றோம். மூக்கு விறைத்தது. வானம் துடைத்துவிட்டது போலத் தெளிவாக இருந்தது. எதிர்வீட்டுக் கூரைக்கு மேலே ஒன்றும் வரவில்லை. ஆனால் தெருவில் வெளிச்சம் வந்துவிட்டது. கணவர் பானையோடு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வலதுபக்கம் எட்டிப் பார்த்தார். தெரு முடிகிற இடத்தில், இரண்டு வரிசை வீடுகளுக்கும் சரியாக நடுவில், சூரியன் எழும்பிக்கொண்டிருந்தது. தெற்கு நோக்கிப் போகும் பஸ் ஒன்று நேரே அந்த வெளிச்சத்துக்குள் போனது.

நான் உடனே வாத்தியாராகிவிட்டேன். இது இலங்கை இல்லை, இங்கே இந்தப் பனி மாரிகாலத்தில் சூரியன் நன்றாகத் தெற்கே சாய்ந்துதான் உதிக்கும் என்று விளக்கம் சொன்னேன். அவர் பானையை என்னிடமிருந்து விலக்கிச் சூரியன் பக்கம் திருப்பினார்.

"சாயட்டும்" என்றார். "அதுக்காக நேர் தெற்கிலையே உதிக்குமோ?"

உதிக்காது. எந்த மாரியிலும் உதிக்காது. சூரியன் நேர் தெற்கில் உதிக்க வேண்டுமென்றால் நாங்கள் வடதுருவத்துப் பனிக்கரடிகளுக்குப் பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும். அப்படியென்றால் அந்தத் தெரு முடிவில் இருப்பது தெற்கு இல்லை. அதுவும் எனக்குத் தெரியும். மொன்ட்ரியாலில் படித்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் ஊரில், ஊரை ஒட்டி ஓடும் பெரிய ஆற்றோடு போகிற பக்கத்தைக் கிழக்கு என்பார்கள், ஆற்றை விட்டு விலகிப் போகிற பக்கத்தை வடக்கு என்பார்கள். ஆறு இந்த இடத்தில் வளைந்து வடக்கு நோக்கிப் போகிறது என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. தெருக்களும் பஸ்களும் முகவரிகளும் அந்தச் சரிந்த திசையில்தான் ஓடுகின்றன. ஆறு வயதில் வந்து மொன்ட்ரியால்-நோரில் வளர்ந்த எனக்கு அந்தச் சரிவு இரத்தத்தில் ஊறிவிட்டது. வடக்கு என்றால் என் கை தானாக அந்தப் பக்கம்தான் நீளும்.

கை மட்டுமல்ல. ஆய்வுக்கூடத் தரையில் ஒரு நீல நாடா ஒட்டியிருந்தது. தாங்கியை எந்தப் பக்கம் பூட்ட வேண்டும் என்று காட்டுவதற்காக டெக்னீசியன் ஒட்டியது. கட்டடம் சரியாக வடக்குத் தெற்காக இருப்பது எவ்வளவு வசதி, சுவருக்குச் சமாந்தரமாக இழுத்தால் போதும் என்று அவர் சந்தோஷப்பட்டது எனக்கு நினைவு வந்தது. நான் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் இந்த ஊரில் பிறந்தவர், தலைவியும் அப்படியே. எங்கள் அறையில் இரும்பும் காந்தமும் நிறைந்திருப்பதால் திசைகாட்டி வேலை செய்யாது, யாரும் அதை எடுத்துப் பார்க்கவும் இல்லை. உலகத்துக்குத் திசை காட்டக் கிளம்பிய மூன்று பேர், பஸ் ஓடுகிற வடக்கைப் பூமியின் வடக்கு என்று நம்பி உட்கார்ந்திருந்தோம்.

மாடத்தில் நின்றபடியே மனதுக்குள் கணக்குப் போட்டேன். எங்கள் ஊர் வடக்கு எவ்வளவு சரிந்திருக்கிறதோ அந்த அளவுக்குச் சிப் திரும்பியிருந்தால் பூமியின் சுழற்சியில் அதற்கு எவ்வளவு தெரியும்? பாதிக்குக் கொஞ்சம் மேலே.

கணவரின் கோட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே சரியாக நினைவில்லை. பானை ஆறுகிறது, முதலில் கும்பிடும் என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது. கும்பிட்டேன்.

பொங்கலை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் தலைவி கதிரையில் உட்கார்ந்து, தரையில் இருந்த நாடாவைப் பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். டெக்னீசியன் சிரிக்கவில்லை. பாவம், மண்டியிட்டு நீல நாடாவை நகத்தால் கிள்ளிக் கிள்ளி உரித்தார். நாடாவை இழுத்ததில் என் கையும் இருந்தது என்று சொல்லி அவரைத் தேற்றிப் பொங்கலைக் கொடுத்தேன். மூவரும் காப்பிக் கரண்டியால் சாப்பிட்டோம். உண்மையான வடக்கை எப்படிக் கண்டுபிடிப்பது, கட்டடத்தின் வரைபடத்தை எங்கே தேடுவது என்று பேச்சு ஓடியது. சிப்பிடமே கேட்டால் என்ன என்று தலைவி சொன்னார். அதுவும் சரிதான். தாங்கியைக் கழற்றி, திருப்பக்கூடிய தட்டு ஒன்றில் பூட்டி, சிறிது சிறிதாகத் திருப்பினோம். எண் ஏறிக்கொண்டே போய், ஓரிடத்தில் நின்று, பிறகு இறங்கத் தொடங்கியது. அது நின்ற இடத்தில் பூமி முழுதாக இருந்தது. சிப் எதையும் விழுங்கவில்லை. என் வளைவுகளில் ஒரு குறையும் இல்லை. வடக்கு எங்கள் அறையில் காப்பி மெஷினுக்குப் பின்னால் இருந்தது.

மேலிடத்து ஆட்கள் வந்தார்கள். அவர்களிடம் நாடாக் கதையைச் சொல்லக்கூடாது என்று மூவரும் பேசி வைத்திருந்தோம். தலைவியே பொறுக்கமாட்டாமல் முதலில் சொல்லிவிட்டார். அவர்கள் எண்களைப் பார்த்தார்கள், தங்கள் கையாலேயே தட்டைத் திருப்பிப் பார்த்தார்கள், பூட்டிய அறைக்குள் நெடுநேரம் பேசினார்கள். மத்தியானம் முடிவு வந்தது. மொன்ட்ரியால் ஆய்வுக்கூடம் தொடரும். நான் எங்கும் போக வேண்டியதில்லை.

நடைபாதைக்கு வந்து கணவருக்கு அடித்தேன். மருந்துக்கடையில் யாரோ வயதான ஒருவருக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்சம் நில்லும் என்றார், நின்றேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். நல்லது, நல்லது என்றார்.

"ஒரு சின்னப் பிரச்சினை" என்றார். "நான் இஞ்சை வேலையை விடப்போறன் எண்டு பொங்கலுக்கு முதலே முதலாளியம்மாட்டைச் சொல்லிப்போட்டன்."

என்ன மனிதர் நீங்கள், முடிவு வர முதல் யாராவது அப்படிச் செய்வார்களா, எத்தனை வருடம் பாடுபட்டு வாங்கிய வேலை என்று நடைபாதையில் நின்று தமிழில் கத்தினேன். அவர் முழுவதையும் கேட்டார். ஏன் சொன்னீர்கள் என்று கடைசியாகக் கேட்டபோதுதான் பதில் வந்தது.

"நீர் என்னட்டைக் கேக்கப் பயந்துகொண்டு திரிஞ்சீர். நான் சொல்லிப்போட்டால் நீர் கேக்கத் தேவையில்லையெல்லோ."

அடுத்த நாள் காலையில் அவர் போய், தான் போகவில்லை என்று முதலாளியம்மாவிடம் சொன்னார். அந்த அம்மாவும் வியட்நாமிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கியவர். காரணத்தைக் கேட்டுவிட்டு, உங்கள் இடத்துக்கு நான் இன்னும் ஆள் தேடவே இல்லை, போய் வேலையைப் பாருங்கள் என்றாராம். கணவர் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய் வேலையைப் பார்த்திருக்கிறார்.

மார்கழி முழுவதும் அந்த ஒரு கேள்வியை நான் பல்லைக் கடித்து வாய்க்குள் வைத்திருந்தேன். ஒருநாளும் கேட்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். என் கணவருக்கு அது அப்போதே கேட்டுவிட்டது.